வன்தட்டு மீட்பும் பாடத் தெளிவும்

சுவடி என்ற சொல் பனையேட்டையும் தாளையும் மட்டுமே நினைவூட்டிய காலம் கழிந்தது. 1990-களின் இறுதி தொட்டுத் தமிழாசிரியர் பலர் தம் கட்டுரைகளையும் உரைகளையும் கணிப்பொறியிலேயே எழுதத் தலைப்பட்டனர். அவற்றுட் பலவற்றிற்குக் கையெழுத்துப் படி என ஒன்று இல்லை. எழுதியவர் மறைந்தபின் எஞ்சுவன பழைய மடிக்கணினி ஒன்றும் அதனகத்துள்ள வன்தட்டும் மட்டுமே. அத்தட்டிலிருந்து கோப்புகளை மீட்டல் பொறிவல்லார் தொழில் என்றும், மீண்டு வந்ததை அச்சேற்றுதலே தமிழ் கற்றார் கடன் என்றும் ஒரு கருத்து நம்மிடையே நிலவுகின்றது. இக்கருத்துப் பொருந்தாது என்பதே எம் துணிபு. வன்தட்டுத் தருவது சான்றேயன்றி நூலன்று. சான்றினை ஆராய்ந்து நூலைத் தெளிதல் பதிப்பாசிரியன் பணியாகும்.

இவ்வாராய்ச்சிக்கு வாயிலாக அமைந்த நிகழ்ச்சியை முதற்கண் கூறுவோம். எமக்கு ஆசிரியராக விளங்கிய பெரியார் ஒருவர் குறுந்தொகைக்கு விளக்கவுரை எழுதிவந்து, அது முற்றுப்பெறுமுன் மறைந்தார். அவர் கையாண்ட மடிக்கணினி விண்டோஸ் 98 இயங்கியது. அது பல்லாண்டு பயனின்றிக் கிடந்து அண்மையில் எம்பால் வந்தது. அதனை முடுக்கிப் பார்க்க வேண்டா என்று பொறிவல்லார் தடுத்தனர். இயங்குதளம் தொடங்கும்பொழுதே தட்டில் சிலவற்றை எழுதும். அழிந்த கோப்பு இருந்த இடத்தில் அவ்வெழுத்து வீழின் பழையது மீளாது. எனவே தட்டைக் கழற்றி, அதன்கண் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி வழியாகப் பிறிதொரு கணிப்பொறியில் இணைத்து, முழுப்படி ஒன்று எடுத்தனர். ஆய்வு முழுவதும் அப்படியின்மேல்தான் நிகழ்ந்தது. மூல ஏட்டில் மையிடாது பெயர்த்தெழுதிய படியில் திருத்தம் குறிக்கும் நம் மரபும் இதுவேயன்றோ?

கோப்பு அழிதல் என்பதன் இயல்பை நாம் அறிதல் வேண்டும். அக்காலத் தட்டுகளில் பெரிதும் பயின்ற கோப்பமைப்பில், அழிக்கப்பட்ட கோப்பின் உள்ளடக்கம் உடனே நீங்குவதில்லை. பெயர்ப்பதிவின் முதலெழுத்து இருந்த இடத்தில் 229 என்னும் எண் இடப்படும். கோப்பின் பகுதிகள் எவ்வெவ்விடத்தில் எம்முறையில் உள்ளன என்று காட்டும் அட்டவணைக் குறிப்புகள் நீக்கப்படும். ஏடுகள் உள்ளன, அவற்றைக் கோத்த கயிறு அற்றது என்று இதனைச் சுருங்கச் சொல்லலாம். மீட்பு மென்பொருள், கோப்புவகை ஒவ்வொன்றிற்கும் உரிய தொடக்கக் குறியைத் தேடிக் கண்டு, அதனை அடுத்துக் கிடப்பவற்றைத் தொடர்ச்சி எனக் கொண்டு கோக்கின்றது. தொடர்ச்சி வேறிடத்தில் இருந்திருப்பின் அக்கோவை பிழைபடும்.

எமக்குக் கிடைத்த கோப்பு ஒன்றில் குறிஞ்சிப் பாட்டொன்றன் விளக்கத்திற்கு நடுவே தேர்வு வினாத்தாளின் பகுதி கலந்திருந்தது. இக்கலப்பு எவர்க்கும் புலனாகும். ஆயின், வினாத்தாள் இருந்த இடத்தில் அதே உரையின் முந்திய வடிவம் கலந்திருப்பின் யார் அறிவார்? நடையும் பொருளும் ஒத்திருத்தலின் மென்பொருள் அதனைக் காட்டாது. சொல்லாட்சியும் கருத்தின் போக்கும் அறிந்தவரே ஐயுறுதல் கூடும்.

அடுத்தது எழுத்தின் சிக்கல். ஒருங்குறித் தரத்தின் 1991 ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் அமைந்தது. ஆயினும் அது பரவலாகப் பயன்பாட்டிற்கு வரப் பல்லாண்டுகள் ஆயின. தமிழ்நாட்டரசு 1999 இல் தாம், தாப் என்னும் தரங்களை அறிவித்தது. 2010 இல்தான் ஒருங்குறியையும் டேஸ் 16 என்னும் முறையையும் ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் திஸ்கி, பாமினி முதலிய பல முறைகள் வழங்கின. எம் ஆசிரியர் கையாண்டது பாமினி. அவ்வெழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுதியது, அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு உரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே தோன்றும்.

மாற்றி மென்பொருள் உண்டே எனின், அதுவும் ஐயத்திற்கு இடனாகும். பாமினியில் ஔகார உயிர்மெய்யின் ஈற்றுறுப்பிற்கும் ளகரத்திற்கும் குறி ஒன்றே. இரண்டையும் ளகரமாகவே கொள்ளும் மாற்றி ‘கௌவை’ என்பதைக் ‘கெளவை’ ஆக்கும். ஔகாரமாகவே கொள்ளும் மாற்றி ‘தெளிவு’ என்பதைச் சிதைத்துவிடும். பின்னதன் பிழை கண்ணுக்குத் தெரியும். முன்னதன் பிழையோ கண்ணை ஏமாற்றும். ஏனெனில் வரிவடிவம் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் சொல்லடைவு தொகுப்பார் ‘கௌவை’ என்று தேடின், அலர் பற்றிய பாடல்களுக்கு எழுதிய உரையில் அச்சொல்லே இல்லை எனக் காண்பர்; அதன்மேல் முடிவும் கட்டுவர். காலுக்கும் ரகரத்திற்கும் வேறுபாடு காணாது ஏட்டுச் சுவடிகளில் இடர்ப்பட்ட பதிப்பாசிரியர்க்கு இத்துன்பம் புதிதன்று. பொறி படியெடுத்தலில் பிழை நேராது என்பார் கூற்று, குறிகளைப் பெயர்த்தல் அளவில் உண்மை. அக்குறிகளை எழுத்தாக உணர்தல் அளவில் உண்மையன்று.

காலம் கணித்தலும் எளிதன்று. ஒரே பாட்டின் உரை மூன்று கோப்புகளில் மூன்று வடிவமாகக் கிடைத்தது. அவற்றுள் ஒன்றன் நாள் 1980 சனவரி எனக் காட்டிற்று. ஆயின் அக்கோப்பு வேர்டு 97 என்னும் மென்பொருளின் வடிவில் உள்ளது. கணினிக் கடிகாரத்திற்குரிய சிறு மின்கலம் தீர்ந்தபின் நாள் பின்னோக்கிச் சென்றமையே இதற்குக் காரணம். 1980 என்பது அக்கோப்பமைப்பின் காலக்கணக்குத் தொடங்கும் ஆண்டாகும். நாட்குறிப்பின்படி முதலாவதாக வைக்கத்தக்க இக்கோப்பு, ஏனைய இரண்டிலும் இல்லாத திருத்தங்களை உடைமையின் அகச்சான்றால் இறுதி வடிவம் எனத் தெளியப்படுகின்றது. புறச்சான்றை மட்டும் நம்பியிருப்பின் ஆசிரியர் கைவிட்ட உரையை அவர் முடிந்த கருத்தாக அச்சிட்டிருப்போம்.

இனி, இக்கட்டுரையின் தலையாய வினாவிற்கு வருவோம். வேர்டு 97 முதலிய பதிப்புகளில் விரைவுச் சேமிப்பு என்னும் முறை இருந்தது. அதன்படி, திருத்தங்கள் மட்டும் கோப்பின் இறுதியில் சேர்க்கப்படும். நீக்கிய தொடர்கள் திரையில் தோன்றாவிடினும் கோப்பினுள்ளே தங்கும். அவ்வாறு தங்கிய பத்தி ஒன்று எமக்குக் கிடைத்தது. முந்திய உரையாசிரியர் ஒருவரின் துறை விளக்கத்தை எம் ஆசிரியர் அதில் கடுஞ்சொற்களால் மறுத்திருந்தார். ‘இதுவே அவர் உள்ளக் கருத்து, வெளியிடுக’ என்று மாணவர் சிலர் வேண்டினர். யாமும் அவ்வாறே எண்ணி, அச்சுக்கு அணியமாக்கிய படியில் அதனைச் சேர்த்தும் இருந்தோம்.

பின்னர், மேற்கூறிய இறுதி வடிவத்தைக் கற்றபொழுது எம் பிழை புலனாயிற்று. அங்கு ஆசிரியர் அம்முந்திய உரையையே தக்க காரணம் காட்டி ஏற்றுக்கொண்டுள்ளார். நீக்கியது அச்சத்தாலன்று, கருத்து மாறியமையால் நீக்கினார். பத்தியை எம் படியினின்றும் எடுத்துவிட்டோம்.

ஏட்டுச் சுவடியில் காணும் பாட வேறுபாடு பெரும்பாலும் எழுதுவோரால் நேர்ந்தது. வன்தட்டில் காணும் நீக்கமோ ஆசிரியன் தானே செய்தது. முன்னதற்குரிய விதியைப் பின்னதற்கு ஏற்றுதல் தகாது. தற்செயலாக அழிந்த கோப்பை மீட்டு நூலில் சேர்க்கலாம், சேர்த்தல் கடமையுமாம். ஆசிரியன் அறிந்து நீக்கிய தொடரை நூலில் சேர்த்தல் கூடாது. அவன் கருத்து வளர்ந்த வரலாற்றிற்கு அது வேண்டப்படின், நீக்கியது எனத் தெரித்துப் பின்னிணைப்பில் வைக்கலாம்.

எரிக்கச் சொன்னவற்றை நண்பர் வெளியிட்டமையாலன்றோ காப்காவின் ‘விசாரணை’ 1925 இல் உலகிற்குக் கிடைத்தது என்று வினவுவார் உளர். எழுதிய நூலை எரியாது காத்தல் வேறு. எழுதியவன் அடித்த தொடரை அவன் நூலுள் மீண்டும் புகுத்தல் வேறு. முன்னது நூலைக் காக்கின்றது. பின்னது நூலைத் திரிக்கின்றது. அமெரிக்க நாட்டின் எமரி பல்கலைக்கழகம் 2006 இல் சல்மான் ருஷ்தியின் ஆவணங்களோடு அவர் கணினிகளையும் பெற்று, 2010 இல் ஆய்வாளர் பார்வைக்கு ஒரு பகுதியைத் திறந்தது. அங்கு எவற்றைத் திறப்பது என்று சொல்ல ஆசிரியர் உயிரோடு இருந்தார். மறைந்தவர் வன்தட்டைத் திறக்கும் நாம் அவர் சொல்லாததையும் உணர்ந்து நடத்தல் வேண்டும்.

இத்தகைய சான்றுகள் என்றும் கிடைப்பன அல்ல. இக்காலத் திண்மநிலைத் தட்டுகள் அழித்த கோப்பின் இடத்தைத் தாமே துடைத்துவிடுதலின் மீட்பு பெரும்பாலும் இயலாது. ஆதலின் முந்திய தலைமுறையாரின் வன்தட்டுகளைப் பழம்பொருள் வாங்குவாரிடம் கொடுத்துவிடாமல் துறைகள் கேட்டுப் பெறுதல் வேண்டும்; படியெடுத்துக் காத்தல் வேண்டும். பதிப்பிக்கும்பொழுது எக்கோப்பு, எவ்வெழுத்து முறை, எவ்வகை மீட்பு என்பவற்றை முகவுரையில் கூறுதல் வேண்டும். உ. வே. சாமிநாதையர் 1887 இல் சிந்தாமணியைப் பதிப்பித்த காலத்துச் சுவடி தேடல் ஊர்தோறும் அலைதலாக இருந்தது. இன்று அது நம் ஆசிரியர் வீட்டு அலமாரியில் தொடங்குகின்றது. அறிஞர் ஆய்ந்து கொள்க.