மிலாறு யாருக்குக் கழிவு?

உயிரிப்பொருளை எரிபொருளாக்கும் திட்டங்கள் எல்லாம் எங்கோ கழிவு சும்மா கிடக்கிறது என்ற நம்பிக்கையில் தொடங்குகின்றன. இலங்கை மலைநாட்டின் பொகவந்தலாவையில் அப்படி எதுவும் கிடப்பதில்லை. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து முடிந்ததும் மலையில் விழும் குச்சிகளான மிலாறு மட்கினால் தேயிலைக்கு உரம். தலைச்சுமையாகத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வந்தால் அடுப்புக்கு விறகு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறிய பிறகு அந்தச் சுமையைக் குறைசொல்ல யாருக்கு வாய் வரும்? மிலாறை அரைத்துக் கட்டியாக்கி விற்கும் யோசனை மண்ணிடமோ அடுப்பிடமோ பறிப்பதில்தான் முடியும். அது வேண்டாம்.

ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையின் சங்கதி வேறு. நாலரை, ஐந்து கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை, மீதி நீர். அதை விரட்டும் சூடு பெரும்பாலும் விறகிலிருந்தே வருகிறது. வெட்டிய இடத்தில் மரம் மறுபடி வளர்ந்தால் இது புதுப்பிக்கத்தக்க எரிபொருள்தான். வளராவிட்டால் காடழிப்புக்கு நல்ல பெயர்.

விறகைக் காயவைத்தால் பாதி மிச்சம் என்று ஒரு பேச்சு உண்டு. பாதி எடை நீராக இருக்கும் விறகில் கிலோவுக்கு ஏறத்தாழ 8 மெகாஜூல். ஈரம் 20 சதவீதமானால் 14. ஆனால் காயும்போது எடையும் குறைகிறதே! அதே மரத்திலிருந்து கூடுதலாகக் கிடைப்பது சுமார் பத்தில் ஒரு பங்கு. சீராக எரிவதால் இன்னும் கொஞ்சம். பிளந்து கூரைக்கடியில் அடுக்கும் செலவுக்கு அது தாராளம். செய்யலாம்.

விறகுக்கு எந்த மரத்தை நடுவது? 2005இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசு அறிவித்த கிளிரிசீடியா கீழ்நாட்டு வெயிலில் செழிக்கும். இந்தக் குளிரில் சுணங்கும். இங்கே சவுக்கும் யூகலிப்டஸும் போதும்.

யோசிக்க வைப்பது சாண எரிவாயு. தொழுவத்தில் கட்டி வளர்க்கும் இரண்டு மாடுகளின் ஒரு நாள் சாணம், சுமார் 25 கிலோ, ஒரு கன மீட்டர் வாயு தரும். ஏறத்தாழ அரைக் கிலோ சிலிண்டர் வாயுவுக்கு ஈடு. எரித்தால் புகையோடு போகும் தழைச்சத்து இதில் மீந்த சாணக் குழம்பிலேயே தங்கி மரக்கறித் தோட்டத்துக்கு வருகிறது. 35 பாகைச் சூட்டில் சுறுசுறுப்பாகும் நுண்ணுயிர்கள் இங்கே மந்தமாகத்தான் வேலை செய்யும். தொட்டியைப் பெரிதாகக் கட்டி மண்ணுக்குள் புதைக்க வேண்டும். மாடு வைத்திருப்பவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன், மற்றவர்களுக்கு இல்லை.

ஆனால் எந்த மண்ணுக்குள்? லயத்தைச் சுற்றியுள்ள நிலம் குடியிருப்பவர் பெயரில் இல்லை. தோட்ட நிர்வாகம் நாளை மூடச் சொன்னால் தொட்டி போய்விடும். காணி உறுதியைத் தராமல் சிமெந்துக்கு மட்டும் மானியம் தரும் திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.