வெள்ளியா, ஞாயிறா?

அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்களிடையே ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் மூளும் தர்க்கங்களுள், முதலாண்டு வீரர்களில் யாரை ஆல் ஸ்டார் வார இறுதிக்கு அழைக்கலாம் என்னும் தர்க்கத்தைப்போல ரசனையைச் சோதிப்பது வேறொன்றில்லை. பழுத்த வீரனொருவனுக்கு அவனுடைய பத்தாண்டு ஆட்டமே சாட்சியாக நிற்கிறது. அக்டோபர் கடைசியில் களமிறங்கி, பிப்ரவரிக்குள் ஏறத்தாழ ஐம்பது ஆட்டங்களே ஆடியிருக்கும் புதியவனுக்கோ அத்தகைய சாட்சி ஏதும் இல்லாமையால், கண்ணெதிரே நடப்பதை மட்டுமே நம்பித் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு பார்ப்பவனுடையதாகிறது.

வாசல்கள் இரண்டு. 1994-இல் மினியாபொலிஸ் நகரில் புதுமுகங்களுக்கென்றே தொடங்கி, இன்று ‘ரைசிங் ஸ்டார்ஸ்’ என்ற பெயரில் வெள்ளிக்கிழமை நடைபெறும் போட்டி ஒன்று. 1951-இல் பாஸ்டனில் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமைப் பேரரங்கு மற்றொன்று. என்.பி.ஏ.யில் எட்டே குழுக்கள் இருந்த அந்நாளில், வில்ட் சேம்பர்லின் 1960-இலும் ஆஸ்கார் ராபர்ட்சன் 1961-இலும் முதலாண்டிலேயே அவ்வரங்கில் நுழைந்ததோடு, அந்தந்த ஆண்டு அதன் சிறந்த வீரர் விருதையும் கொண்டு சென்றார்கள். 30 குழுக்களுக்கு 24 இடங்கள் என்றாகிவிட்ட இக்காலத்தில் அவ்வாசல் மிகக் குறுகிவிட்டது. 2011-இல் பிளேக் கிரிஃபினைப் பயிற்சியாளர்கள் தெரிந்தெடுத்த பிறகு, பத்தாண்டுகளுக்கு மேலாக எந்தப் புதுமுகத்துக்கும் அது திறக்கவில்லை. அந்தக் கிரிஃபினும் 2009-இல் புதியவர்களைக் குழுக்கள் தேர்ந்தெடுக்கும் தேர்வில் முதல் தெரிவாக வந்து, முழங்கால் காயத்தால் ஓராண்டு முழுதும் வெளியே அமர்ந்திருந்தவர். கடற்படையில் பணியாற்றிவிட்டு இரண்டாண்டு தாமதித்து வந்த டேவிட் ராபின்சனையும் இவ்வாறே முதலாண்டு வீரராகக் கொண்டு 1990-இல் அழைத்தார்கள். இதில் அநியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, என்.பி.ஏ. ஆட்டத்தின் வேகத்தையும் முரட்டுத்தனத்தையும் வெளியே அமர்ந்து கற்றுக்கொண்டவர் எவருமில்லை.

தர்க்கம் செய்வோர் முதலில் எடுத்து வீசுவது புள்ளிக்கணக்கு. அதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் தோற்றுக்கொண்டேயிருக்கும் குழுவில், பந்தை ஓயாமல் கையில் வைத்துக்கொள்ளும் சுதந்திரம் பெற்ற இளைஞனுக்குப் புள்ளிகள் தாமாகவே குவியும் என்பதை மறக்கலாகாது. 2013-இல் மயாமியின் சாம்பியன் குழுவுக்கு எதிரே தமது முதல் ஆட்டத்திலேயே 22 புள்ளிகளும் 12 அஸிஸ்டுகளும் ஈட்டி, ஒன்பது முறை பந்தைப் பறித்த மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ், அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுகமாகவும் அறிவிக்கப்பட்டார். அவருடைய ஃபிலடெல்ஃபியா குழுவோ அதே பருவத்தில் தொடர்ந்து 26 ஆட்டங்களில் தோற்றது. அவருக்கு வெள்ளிக்கிழமை உரியதே; ஞாயிற்றுக்கிழமையை எவரும் கோரவில்லை, அது சரியே. 2004-இல் லெப்ரான் ஜேம்ஸும் கார்மெலோ ஆந்தனியும் வெள்ளியோடு நிறுத்தப்பட்டபோது எழுந்த கூக்குரல் பெரிது. ஆயினும் அப்பருவத்தில் ஜேம்ஸ் எறிந்த நூறு பந்துகளில் வளையத்துள் விழுந்தவை ஏறத்தாழ நாற்பத்திரண்டே. தொலைவிலிருந்து எறிவது அவருக்கு இன்னும் கைவரவில்லை. மகத்துவம் வரப்போகிறது என்பது வேறு, வந்துவிட்டது என்பது வேறு.

அப்படியானால் எதைப் பார்ப்பது? எதிரணி தன் தற்காப்பு வியூகத்தை அவனுக்காக மாற்றிக்கொள்ள நேர்ந்ததா என்பதையே நான் பார்க்கிறேன். 1998-இல் டிம் டங்கனைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வளையத்தின் இடப்புறத்தில், சற்றுச் சரிவான கோணத்தில் பந்தை வாங்கி, திரும்பி எதிராளியின் முகத்தை நோக்கி நின்று, ஒரு கணம் ஏதும் செய்யாமல் இருந்து, பிறகு போர்டின் சதுரத்தில் மெல்லத் தட்டி வளையத்துக்குள் விழச்செய்யும் அந்த ஒரே வித்தையில் ஆரவாரமுமில்லை, அலங்காரமுமில்லை. ஆனால் அதைத் தடுக்க ஒருவர் போதாமல் இரண்டாமவரும் ஓடிவர வேண்டியிருந்தது, அவர் வந்துசேருமுன்பே பந்து அவர் விட்டுவந்த இடத்தில் தனித்து நிற்கும் தோழனிடம் போய்விடும். முந்தைய பருவத்தில் 20 ஆட்டங்களே வென்றிருந்த சான் ஆன்டோனியோ, காயத்திலிருந்து மீண்ட ராபின்சனும் இந்தப் புதியவரும் சேர்ந்து நின்றதும் 56 வென்றது. அவ்வாண்டு நியூயார்க்கில், தம் சொந்தக் குழுவிலேயே மாற்று வீரராக ஆடிவந்த இரண்டாமாண்டு கோபி பிரையன்ட்டை ரசிகர்களின் வாக்கு முதல் ஐவருள் ஒருவராக்கிற்று. டங்கனை அழைத்ததோ பயிற்சியாளர்களின் வாக்கு. ரசிகர்கள் கண்ட ஒளியும் பொய்யன்று. எனினும், தத்தம் குழு வீரருக்கு வாக்களிக்க இயலாத நிலையில், தங்களை அலைக்கழித்த எதிரியின் பெயரை எழுதுகிற பயிற்சியாளனுடைய தீர்ப்பில் ஒரு நேர்மை இருக்கிறது. நான் அதையே பெரிதும் மதிக்கிறேன். பருவம் முடிந்தபோது அவ்வாண்டின் முதல்தர ஐவருள் டங்கன் ஒருவராக விளங்கினார்.

ஆனால் பந்தை வழங்குவதையே கலையாகக் கொண்ட கார்டுகளுக்கு இவ்விஷயத்தில் எப்போதும் நஷ்டமே. 1995-இல் கிரான்ட் ஹில் எல்லோரையும்விட அதிக வாக்குப் பெற்று, முதலாண்டிலேயே அச்சிறப்பை அடைந்தார். பருவ முடிவில் சிறந்த புதுமுக விருதை அவரோடு சமமாகப் பகிர்ந்துகொண்ட ஜேசன் கிட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை அழைப்பே வரவில்லை. இருவர் நடுவே இருக்கும் சந்து திறக்குமுன்பே அதை அறிந்து, ஓட்டத்திலேயே பந்தைச் செலுத்தும் கிட்டின் கண், ஆட்டத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு புள்ளிகூடச் சேர்க்காதவரிடம் இருந்தமையால் பலருக்குப் புலப்படாமற் போயிற்று.

லூகா டோன்சிச் விஷயத்தில்தான் என் மனம் இன்னும் ஆறவில்லை. ஐரோப்பாவில் ரியல் மாட்ரிட் அணியோடு யூரோலீக் கோப்பையையும் அதன் சிறந்த வீரர் பட்டத்தையும் வென்றுவிட்டு டல்லாஸுக்கு வந்த அந்தப் பத்தொன்பது வயது இளைஞர், 2018 டிசம்பரில் ஹூஸ்டனுக்கு எதிரே, தோல்வி ஏறக்குறைய நிச்சயமாகிவிட்ட கடைசி நிமிடங்களில், ஒரு காலைப் பின்வைத்து எதிராளியை விட்டு விலகி எறியும் தமது பாணியில் தாம் ஒருவராகவே தொடர்ந்து 11 புள்ளிகள் ஈட்டி ஆட்டத்தைத் திருப்பினார். மேற்குப் பிரிவில் ஜேம்ஸுக்கு அடுத்தபடி அதிக ரசிகர் வாக்கு அவருக்கே கிடைத்தது. ஆனால் பாதி எடை மட்டுமே அவ்வாக்குக்கு உண்டு, மீதிப் பாதியைப் பகிர்ந்துகொள்ளும் வீரர்களும் பத்திரிகையாளர்களும் அவரை அந்த உயரத்தில் வைக்கவில்லை, பயிற்சியாளர்களும் கைவிட்டனர். அவருக்குப் பதிலாகப் பயிற்சியாளர்கள் தெரிந்தெடுத்தவர்களுள் ஆல்ட்ரிஜும் டவுன்ஸும் தகுதியற்றவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். இருந்தும், ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் பந்து யார் கையில் இருந்தால் எதிரணி அஞ்சியது என்று கேட்டால், அந்த 2019-இல் ஓர் இடத்தை டவுன்ஸிடமிருந்து எடுத்து டோன்சிச்சுக்கே கொடுத்திருப்பேன்.