மாக் யோங்: நோயாளி இல்லாத மேடை

கிளந்தானின் மாக் யோங்கை 2005இல் யுனெஸ்கோ மானுட மரபின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்றாக அறிவித்தது. அப்போது கிளந்தானிலேயே அதை ஆடத் தடை. 1991இல் பாஸ் அரசு போட்ட தடை. இந்த முரணைப் பற்றி நிறையவே பேசியாகிவிட்டது. எனக்கு உறுத்துவது வேறு. தடுத்தவர்களும் காப்பாற்ற வந்தவர்களும் ஒரே இடத்தில்தான் கத்தரி வைக்கிறார்கள்.

அது எந்த இடம் என்பது கேரல் லேடர்மேனின் 'டேமிங் த விண்ட் ஆஃப் டிசையர்' (1991) நூலை வாசித்தால் புரியும். திரங்கானுவில் அவர் நேரில் கண்ட மாய்ன் புத்ரி என்ற சிகிச்சைச் சடங்கைப் பற்றிய நூல். ஒவ்வொருவரும் ஓர் 'அங்கின்' உடன் பிறக்கிறார்கள் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. காற்று என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் நம் பாட்டிகள் 'காத்துக் கருப்பு அண்டிருச்சு' என்பார்களே, அது இல்லை. அது வெளியே இருந்து வருவது. அங்கின் உள்ளேயே இருப்பது. ஆசையும் திறமையும் குணமும் கலந்த ஒன்று. அதற்கு வழி கிடைக்காவிட்டால் நோய். மருந்து, அவரவர் காற்றுக்குரிய இசையும் கதையும்தான். ரெபாப் ஒலிக்க, நோயாளி தன்னை மறந்து எழுந்து ஆடுகிறார். அப்படி ஒரு காற்றின் பெயர் தேவ மூடா. மாக் யோங்கின் முக்கியமான கதைநாயகன் பெயரும் அதுவே. கலையும் சிகிச்சையும் இங்கே இரண்டு துறைகள் அல்ல.

லேடர்மேன் இதையெல்லாம் மேற்கின் உளச்சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் கொஞ்சம் அவசரம் தெரிகிறது. போகட்டும். நடிக்கக் கிடைக்காததால் ஒருவருக்கு நோய் வரும் என்று நம்பிய ஒரு சமூகத்தை அவர் காட்டிவிடுகிறார். அதுவே எனக்குப் போதும்.

2019இல் தடை நீங்கியது, ஷரியாவுக்கு உட்பட்டு ஆட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அப்படியானால் சடங்கு போயிற்று. மரபில் பாக் யோங் என்ற அரசன் வேடத்தையே பெண்தான் கட்டுவாள். அவள் பாடும் ஆடும் விதத்துக்கும் இனி அனுமதி வேண்டும். யுனெஸ்கோ பட்டியலில் அதன் பெயர் 'மாக் யோங் நாடக அரங்கு'. சிகிச்சைச் சடங்கு அந்தக் குறிப்பில் ஒரு வாக்கியமாக வந்துபோகிறது. கோலாலம்பூர் மேடைக்குக் கதை வருகிறது, உடை வருகிறது, ரெபாப்பும் வருகிறது. நோயாளி மட்டும் வருவதில்லை. அவருக்காகத்தான் அந்த ரெபாப் விடிய விடிய ஒலித்தது.