ஆங்கிலத்தின் 'த'வும் தமிழின் 'அந்த'வும்

ஆங்கில நூலொன்றில் எப்பக்கத்தைப் புரட்டினும் மிகுதியாகக் கண்ணிற்படுஞ் சொல் 'த' என்பதாகும். உயிரொலிக்கு முன் 'தி' என ஒலிக்கும் இச்சிறுசொல்லுக்கு வகுப்பறையில் வழங்கும் பொருள் 'அந்த' என்பதே. குறித்த ஒரு பொருளை உணர்த்துவதென இலக்கணச் சிறுநூல்கள் விதி கூறும். பொருளும் பொருந்தாது, விதியும் போதாது.

'நேற்று ஒரு புத்தகம் வாங்கினேன்' என்பதை ஆங்கிலத்திற் கூறுவோன் 'ஏ' என்னுஞ் சொல்லையே பெய்வான். அவன் வாங்கியதும் குறித்த ஒரு புத்தகமன்றோ? அவன் அதனை அறிவான், கேட்போன் அறியான். எனவே, இன்னதெனக் கேட்போனும் அறிந்துகொள்வானெனச் சொல்வோன் கருதுமிடத்தே 'த' வரும் என்பதே தக்கது. டென்மார்க்கு அறிஞர் போல் கிறிஸ்தோபர்சன் 1939இல் வெளியிட்ட நூலிற் கேட்போனின் இவ்வறிமுகத்தையே அடிப்படையாகக் கொண்டார். வீடொன்றைப் பற்றிப் பேசத் தொடங்கியவன், முன்னர்க் கூறாத கூரைக்கும் 'த' சேர்ப்பான். வீடென்றாற் கூரையுண்டு, அதுவும் ஒன்றே. யன்னலுக்குச் சேர்ப்பின், எந்த யன்னல் என்ற வினா எழும். ஒன்றேயாதலை வற்புறுத்திய பேட்ரண்ட் இரசலின் 1905ஆம் ஆண்டுக் கட்டுரை இவ்விடத்திற் கைகொடுக்கும்.

மயக்கத்துக்குக் காரணமும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'த'வின் மூலம் சுட்டுச்சொல்லே. பின்னர் அச்சுட்டாற்றல் தேய்ந்தது. ஆங்கிலேயன் சூரியனுக்கும் 'த' சேர்க்கின்றான். அதைப் பார்த்து 'அந்தச் சூரியன் உதித்தது' என எழுதும் மாணவன் வானத்தில் இன்னொரு சூரியனையும் ஏற்றிவிடுகின்றான்!

தமிழுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. 'கடிதம் எழுதினான்' என்பதற்கும் 'கடிதத்தை எழுதினான்' என்பதற்கும் இடையிலுள்ள வேற்றுமையை எவரும் உணர்வர். பின்னையது முன்பே பேச்சிலிருந்த கடிதம். எழுவாய்க்கு உருபின் உதவியில்லை. 'ஆசிரியர் வந்தார்' என வெறும் பெயரே அங்கு அவ்வேலையைச் செய்யும்.

இதன் அருமை இலக்கியத்திலேதான் நன்கு புலப்படும். ஹெமிங்வே 1929இல் வெளியிட்ட 'எ பெயார்வெல் ரு ஆம்ஸ்' என்னும் போர்க்கால நாவலின் முதல் வாக்கியத்திலே வீட்டுக்கும் கிராமத்துக்கும் 'ஏ' அமைய, ஆற்றுக்கும் சமவெளிக்கும் மலைகளுக்கும் 'த' அமைகின்றது. வாசகன் அவற்றை முன் அறிந்திலன். எனினும் அங்கு வாழ்ந்தவனாகவே ஆசிரியர் அவனை நடத்துகின்றார். 'அந்த ஆறு, அந்தச் சமவெளி, அந்த மலைகள்' எனப் பெயர்த்தால், விரல் நீட்டிக் காட்டும் வழிகாட்டியின் குரல் இடையே புகுந்துவிடும். வீட்டுக்கும் கிராமத்துக்கும் 'ஒரு' நிற்கட்டும். ஆற்றையும் சமவெளியையும் மலைகளையும் அடையின்றி வாளா விடுவதே 'த'வுக்கு ஏற்ற மொழிபெயர்ப்பு.