முன்னோட்டத்தின் அச்சமும் வினைமுற்று விகுதியும்

சீர்குலைந்த எதிர்காலத்தைக் காட்டும் திரைப்பட முன்னோட்டம், அழிவின் காரணத்தைக் கூறாது விளைவை மட்டும் காட்டியே அச்சமூட்டுகிறது. இம்மறைப்புக்கு மலையாள வினைமுற்று இயல்பாகவே துணைசெய்கிறது. 2040களின் கேரளத்தையும் அங்கு வரும் வேற்றுலகப் பெண்ணையும் ஆவணப்பட வடிவில் சித்திரிப்பது அருண் சந்துவின் 'ககனசாரி' (2024). இத்தகைய படத்தின் முன்னோட்டத்தில் 'வந்நு' என்று மட்டும் ஒலிக்குமாயின், வந்தவர் யாரெனப் புலப்படாது. திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி அதில் இல்லை. தமிழ்த் துணைத்தலைப்போ வந்தான், வந்தாள், வந்தது என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மர்மத்தைக் கலைத்துவிடும். இருமொழியும் புழங்கும் திருவனந்தபுரத்தில், கேட்பதும் படிப்பதும் முரண்படுவதைப் பார்வையாளர் எளிதில் உணர்வர். 'வந்தாயிற்று' என்னும் வடிவம் வந்தவரை மறைக்கும். எதிர்பார்த்தது நிகழ்ந்துவிட்டது என்னும் கூடுதற் பொருளையும் தரும். அக்கூடுதற் பொருள் அச்சத்தைக் குறைப்பதன்று, மிகுவிப்பதே எனலாம்.