பெட்டிக்குள் ஒளிந்திருந்தவர் யார்?

தோற்றவர் கூறும் காரணத்தைப் பொறுமையுடன் கேட்பது நம் கடமை. கேட்டதையெல்லாம் மெய்யெனக் கொள்வது கடமையன்று. விக்ரம் ஜெயந்தியின் இயக்கத்தில் 2003ஆம் ஆண்டு வெளிவந்த ‘கேம் ஓவர்: காஸ்பரோவ் அண்ட் தி மெஷின்’ என்னும் ஆவணப்படம் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறது.

சதுரங்க உலக வெற்றியாளராகத் திகழ்ந்த காரி காஸ்பரோவ், ஐ.பி.எம். நிறுவனத்தின் ‘டீப் புளூ’ கணிப்பொறியை 1996இல் ஃபிலடெல்ஃபியா நகரில் 4-2 என்ற கணக்கில் வென்றார். 1997 மே மாதம் நியூயார்க்கில் நடந்த மறுபோட்டியில் 3½-2½ என்று தோற்றார். நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராயவல்லது அப்பொறி.

சர்ச்சை, அப்போட்டியின் இரண்டாம் ஆட்டத்தைப் பற்றியது. ராணியை உள்ளே செலுத்திச் சிப்பாய்களைக் கவரும் வாய்ப்பு இருந்தும், பொறி அதை நாடாமல் எதிரியின் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தது. இத்தகைய நிதானம் மனிதனுக்கே உரியது என எண்ணிய காஸ்பரோவ், மறைவில் ஒரு வல்லுநரின் கை உதவியதோ என ஐயுற்றார். அந்த ஐயத்தையே படம் தன் முதுகெலும்பாகக் கொள்கிறது. 1770இல் வியன்னாவில் கெம்பெலென் செய்துகாட்டிய, தலைப்பாகை அணிந்த ‘துருக்கியன்’ பொம்மையை அது அடிக்கடி காட்டுகிறது. தானே ஆடுவதாக நம்பப்பட்ட அப்பொம்மையின் பெட்டிக்குள் மனிதன் ஒளிந்திருந்தான். அன்று நடந்தது இன்றும் நடந்தது என்று வாய்விட்டுச் சொல்லாமல், இருண்ட காட்சிகளாலும் தணிந்த குரலாலும் சொல்லிவிடுகிறார் இயக்குநர். உவமை அழகாயிருக்கலாம், அது சான்றாகிவிடாது.

அதே ஆட்டத்தின் முடிவை நோக்குவோம். காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்ட நிலையில், இடைவிடாது ‘ஷா’ வைத்து ஆட்டத்தைச் சமன் செய்ய வழி இருந்ததைப் பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். பொறி அவ்வழியைத் திறந்துவிட்டிருந்தது. இதுவும் ஐயத்துக்கே இரையாயிற்று: இத்துணை வல்ல பொறி இப்படித் தவறுமா என்றார்கள். ஆழ்ந்து ஆடினாலும் மனிதன் கை, பிழைத்து ஆடினாலும் மனிதன் கை என்றால், அவ்வழக்கில் எதிராளி தன்னை விடுவித்துக்கொள்ள வழியே இல்லை.

நிறுவனத்தின் மீதும் குறை உண்டு. கேட்டவுடன் பதிவுகளைத் தராமல் பின்னரே வெளியிட்டது. இன்னொரு போட்டிக்கு இணங்காமல் பொறியை ஓய்வில் தள்ளியது. ஐயம் வளர அதுவே எருவிட்டது எனலாம். ஆயினும் மரியாதைக் குறைவு வேறு, மோசடி வேறு. படம் முன்னதைக் காட்டிப் பின்னதை நம்பச் சொல்கிறது.

இதற்குத் தக்க மறுமொழி காஸ்பரோவிடமிருந்தே வந்தது. 2017இல் வெளியிட்ட ‘டீப் திங்கிங்’ என்னும் நூலில் அவர் அந்த ஆட்டங்களைப் புதிய கணிப்பொறிகளின் துணையுடன் மீண்டும் ஆராய்கிறார். நிறுவனத்தின் போக்கைக் கண்டிக்கிறார். ஆனால் பழைய மோசடிக் குற்றச்சாட்டைக் கைவிட்டு, தம் ஆட்டத்தின் குறைகளைத் தாமே எடுத்துரைக்கிறார். இருபது ஆண்டுகள் கடந்து, உலகறிய இதைச் செய்ய ஒரு மாவீரனுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

படத்தைப் பார்ப்போர் அந்நூலையும் படிப்பது நன்று. இரண்டாம் ஆட்டத்தில் அவரைப் பணியவைத்த எதிரி எந்தப் பெட்டிக்குள்ளும் ஒளிந்திருக்கவில்லை. இனி வழியில்லை என்று நம்பிவிட்ட அவர் மனத்தினுள்ளேயே இருந்தது.