சிப்பாய்க் கதையும் ஆந்த்ராக்ஸும்

நோய் எதிர்ப்பு பற்றித் தமிழில் எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். உடல் ஒரு கோட்டை, கிருமி பகைவன், வெள்ளையணு சிப்பாய். சிப்பாய் கிருமியை விழுங்கினான், சுபம். பள்ளிப் பாடத்தில் தொடங்கி வாட்ஸப் வரை இதேதான். எனக்கும் பிடித்த கதை. 2022 மார்ச்சில் அது காலை வாரிவிட்டது.

அந்த மாதம் சென்னை ஐஐடி வளாகத்தில் மான்கள் இறந்தன. ஒன்றுக்கு ஆந்த்ராக்ஸ், அதாவது அடைப்பான் நோய், உறுதியானது. அடையாறுவாசி என்பதால் கொஞ்சம் பயத்தோடு படிக்க உட்கார்ந்தேன். ஒரு எண் இடறியது. ஆந்த்ராக்ஸ் வித்துகளைச் சுவாசித்திருக்கக்கூடியவர்களுக்கு 60 நாள் ஆன்டிபயாடிக்! 2001-ல் அமெரிக்காவில் தபால் உறைகளில் அது வந்தபோதும் இதே கணக்குதான். சாதாரணமா அஞ்சு நாள் மாத்திரை எழுதுவாங்க, இதுக்கு ஏன் ரெண்டு மாசம்?

சிப்பாய்க் கதையில் இதற்குப் பதில் கிடையாது. ஏனென்றால் அதில் விழுங்குவதும் கொல்வதும் ஒன்று. நிஜத்தில் அவை இரண்டு தனி வேலைகள். நுரையீரலில் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல் வித்தை விழுங்கிவிடும். ஆனால் உள்ளே போனது உயிர் இயக்கம் ஏறக்குறைய நின்றுபோன, தண்ணீர் வற்றிய, பல அடுக்கு உறை போர்த்திய பொருள். செல் தயாரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு ஒரு நல்ல ஆயுதம்; அதற்கு மூலப்பொருள் ஆர்ஜினின். வித்தின் வெளியுறையிலோ அந்த ஆர்ஜினினையே தின்றுவிடும் நொதி இருக்கிறது. தூங்கும் வித்தை ஆன்டிபயாடிக்கும் ஒன்றும் செய்யாது. முளைத்த பிறகுதான் மருந்துக்கு வேலை. எல்லா வித்தும் ஒரே நாளில் முளைப்பதில்லை. அதனால்தான் 60 நாள்.

முளைத்தபின் ஆட்டமே வேறு. பாக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு வழுவழுப்பான உறை கட்டிக்கொள்கிறது. அதை விழுங்குவது கஷ்டம். கூடவே, எதிர்ப்புச் செல்களுக்குள் போகும் சமிக்ஞைகளைக் குலைக்கும் நச்சுகளையும் விடுகிறது.

‘வித்து’ என்ற சொல்லிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வித்து என்றதும் பெருக்கம் ஞாபகம் வருகிறது. இங்கே ஒரு பாக்டீரியா ஒரே ஒரு வித்தாகிறது, அவ்வளவுதான். இது இனப்பெருக்கம் இல்லை, பதுங்கல். வேறு நல்ல சொல் கிடைக்கும்வரை நானும் அதையேதான் எழுதுகிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

சரி, அப்போ மேக்ரோஃபேஜ் துரோகியா? சில கட்டுரைகள் அப்படித் திருப்பிப் போடுகின்றன: வித்தைச் சுமந்து நிணநீர்க் கணுவில் கொண்டுபோய் விடும் டிராய் குதிரையாம். இதுவும் அதே போர்க் கதை, வேஷம்தான் மாறியிருக்கிறது. எலிகளில் மேக்ரோஃபேஜ்களைக் குறைத்துப் பார்த்த சோதனைகளில் எலிகள் இன்னும் எளிதாக இறந்தன. அந்தச் செல்கள் பல வித்துகளைக் கொல்கின்றன, சிலவற்றிடம் தோற்கின்றன. எத்தனை வித்து, எவ்வளவு சீக்கிரம் என்பதைப் பொறுத்தது முடிவு.

இதில் வேடிக்கை, விழுங்கும் செல்களுக்காக 1908-ல் நோபல் வாங்கிய மெச்னிகாஃப் சிப்பாய்க் கதையை இவ்வளவு தட்டையாகச் சொல்லவில்லை. 1884-ல் டாஃப்னியா என்ற நீர்ப்பூச்சியில் அவர் பார்த்ததே இழுபறிதான்: சில பூச்சிகளில் செல்கள் ஜெயித்தன, சிலவற்றில் ஈஸ்ட் ஜெயித்தது. அந்த இழுபறியை உதிர்த்துவிட்டு வெற்றியை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம்.

உவமையில் என்னய்யா இருக்கு என்பீர்கள். இருக்கிறது. ‘விழுங்கினால் முடிந்தது’ என்று நம்புகிறவர், உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று இருபதாம் நாள் மாத்திரையை நிறுத்திவிடுவார். ‘மாடு செத்தால் கிருமியும் செத்தது’ என்று நம்புகிறவர் அதை அறுப்பார். அறுத்த உடலில் காற்று படும்போதுதான் பாக்டீரியா வித்தாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். அறுக்காமல் விட்டால் அழுகலிலேயே பெரும்பாலும் அழிந்துவிடும். ஆந்த்ராக்ஸ் சந்தேகம் இருந்தால் உடலைத் திறக்காதே என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்த முறை சிப்பாய் என்று எழுதுபவர்கள், விழுங்கியதோடு நிறுத்தாமல் அப்புறம் என்ன ஆச்சு என்று இன்னும் ஒரு பத்தி எழுதினால் போதும்.